வாத்து முட்டையில் மருந்து ஏறுமா?

மாப்ளே,

உன் குரல் பதிவைக் கேட்டேன். பாதிக்கு மேல் டிராக்டர் சத்தம்தான், ஆனாலும் விஷயம் பிடிபட்டது. அறுத்த வயலில் வாத்து விடட்டுமா என்று வாத்துக்காரர் வந்து நிற்கிறார், நீ இந்தப் போகத்தில் கோரைக்கும் ஆரைக்கும் 2,4-டி களைக்கொல்லி அடித்திருக்கிறாய், வரப்புக்கு கிளைபோசேட் களைக்கொல்லி, அதெல்லாம் வாத்துக்குள் போய் முட்டையில் ஏறிவிடும் என்று உன் மகள் ஒரே பிடியாக நிற்கிறாள், இவ்வளவுதானே? போனில் சொன்னால் நடுவில் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்றதும் நகரத்தை விட்டு க்ளியர் லேக் பக்கம் வந்துவிட்டோம் என்று சொன்னேனே, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஏரி. கோடையில் பாசி பிடித்து மூக்கைப் பொத்த வைக்கும், மற்ற மாதங்களில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உன் கேள்விக்கான பதில் இந்த ஏரியிலேயே இருக்கிறது.

நம் ஊர்க் குளத்தில் முக்குளிப்பான் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதன் குடும்பத்தைச் சேர்ந்த பறவை ஒன்று இங்கே உண்டு. உருவத்தில் அதைவிட ரொம்பப் பெரியது, நீளமான வெள்ளைக் கழுத்து, ரத்தச் சிவப்பில் கண். ஜோடி சேரும் காலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, காலால் தண்ணீரை அடித்து அடித்து ஏரியின் மேலேயே ஓடும், பிறகு இரண்டும் சேர்ந்து முங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வாயை மூட முடியவில்லை. குஞ்சுகளை முதுகில் சிறகுக்குள் வைத்துக்கொண்டு திரியும்.

1940களில் இங்கே ஆயிரம் ஜோடி போல கூடு கட்டின. அதே ஏரியில் கொசு மாதிரி ஒரு பூச்சியும் மண்டிக் கிடந்தது. அது கடிக்காது, ரத்தம் குடிக்காது, கூட்டமாக வந்து விளக்கில் மொய்க்கும், அவ்வளவுதான். ஆனால் மீன்பிடிக்க வருகிறவர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் அது தொல்லை. டி.டி.டி. (DDT) பூச்சிக்கொல்லிக்கு நெருங்கிய உறவான ஒரு மருந்தை, மீனுக்கு அதைவிடக் கெடுதல் குறைவு என்பதற்காகவே தேர்ந்தெடுத்து, 1949இல் ஏரியில் கலந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கொட்டவில்லை, ஏரியை அளந்து, 7 கோடிப் பங்கு தண்ணீருக்கு 1 பங்கு என்று கணக்குப் போட்டுத்தான் கலந்தார்கள். பூச்சி திரும்ப வந்தது. 1954இல் 5 கோடிக்கு 1 பங்கு, 1957இல் மறுபடியும்.

1954 குளிர்காலத்தில் நூறு பறவைகளுக்கு மேல் செத்து ஒதுங்கின. நோய்க் கிருமி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அடுத்த முறையும் செத்தபோதுதான் யாருக்கோ பறவையின் கொழுப்பைச் சோதிக்கத் தோன்றியது. பத்து லட்சம் பங்கில் 1,600 பங்கு மருந்து. ஒரு கிலோ கொழுப்பில் ஒன்றரை கிராமுக்கு மேல் என்று வைத்துக்கொள். தண்ணீரில் போட்டது பத்து லட்சத்தில் 0.02 பங்குதான், நீயே வகுத்துப் பார், 80,000 மடங்கு வருகிறது.

நடுவில் என்ன நடந்தது என்றால், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பில் பத்து லட்சத்தில் 5 பங்கு சேர்த்து வைத்திருந்தன. அதைத் தின்ற சின்ன மீன்களில் 40இலிருந்து 300 வரை. சின்ன மீனைத் தின்னும் கெளுத்தி வகைகளில் அதற்கும் மேல். இந்த மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், உடம்பால் அதைச் சட்டென்று உடைக்கவும் முடியாது. பறவை மீனைத் தின்கிறது, மீனின் சதை எரிந்து சக்தியாகிவிடுகிறது, மருந்து மட்டும் தங்கிவிடுகிறது, மறுநாள் இன்னொரு மீன், மறுபடி மருந்து மட்டும் மிச்சம். குளிரில் இரை குறையும்போது உடம்பு தன் கொழுப்பை எடுத்துக் கரைக்கும், அப்போது சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், மருந்து போட்டுக் கொஞ்ச நாளிலேயே ஏரித் தண்ணீரைச் சோதித்தால் எதுவும் தெரியவில்லை, சுத்தம் என்று வந்தது! தண்ணீரில் இல்லைதான், எல்லாம் ஏரிக்குள் இருந்த உயிர்களுக்குள் போய்விட்டது. 1960 வாக்கில் 30 ஜோடி போலத்தான் மிஞ்சியிருந்தன, கூடு கட்டியும் பல வருடம் குஞ்சு இல்லை. பூச்சியோ மருந்துக்குப் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டது. (அதே ஏரியின் பழைய பாதரசச் சுரங்கத்தால் இன்றைக்கும் மீன் எவ்வளவு சாப்பிடலாம் என்று அரசு எச்சரிக்கை உண்டு. பாதரசமும் இதே வழியாகத்தான் ஏறுகிறது. என் மனைவி இந்த ஏரி மீனை வீட்டுக்குள் விடமாட்டாள்.)

தெற்கே கடலோரத்தில் கதை இன்னும் மோசம். டி.டி.டி. உடம்பில் மாறி டி.டி.இ. ஆகிறது, அது முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து போவதைத் தடுக்கும். அனகாபா தீவில் 1970இல் 552 ஜோடி கூழைக்கடாக்கள் கூடு கட்டி, தாய் உட்கார்ந்தாலே ஓடு நொறுங்கி, ஒரே ஒரு குஞ்சுதான் தேறியது. 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தார்கள், பறவைகள் மெல்ல மெல்லத் திரும்பின.

சரி, உன் வயலுக்கு வருகிறேன். உன் மகள் பயப்படுவது நியாயம், ஆனால் எல்லா மருந்தும் இப்படி ஏறாது. கிளைபோசேட்டும் 2,4-டியும் தண்ணீரில் கரைகிற சாதி, உடம்புக்குள் போனால் பெரும்பாலும் மலத்திலும் சிறுநீரிலும் வெளியே போய்விடும், கொழுப்பில் தங்கி அடுக்கடுக்காக ஏறுவதில்லை. களைக்கொல்லி வழியாக வாத்துக்கு விஷம் ஏறிய ஊர் வியட்நாமில் உண்டு, பியென் ஹோவா விமானதளம். போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் பாதி 2,4-டி, பாதி 2,4,5-டி. இந்த இரண்டாவதைத் தயாரிக்கும்போது அழுக்காகக் கூடவே வந்ததுதான் டையாக்சின் என்ற, எளிதில் அழியாத விஷம். அங்கே சிந்தியது மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் இறங்கி, போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் மீனிலும் வாத்திலும் இருந்தது. அவள் எங்கோ இதைப் படித்துவிட்டுத்தான் உன் 2,4-டியைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைக்கிறேன். ஏறியது டையாக்சின், அது வந்தது மற்ற பாதியோடு என்று சொல்லு.

அதற்காக நீ ஜெயித்துவிட்டாய் என்று மீசையை முறுக்காதே. ஏறாத மருந்து என்றால் கெடுதல் இல்லாதது என்று அர்த்தமில்லை. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து உடம்பில் சேராது, ஆனால் 1995-96 வாக்கில் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அதை அடித்த வயல்களில் அந்தப் பூச்சியைத் தின்ற பருந்துகள் 20,000 வரை செத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதனால் வாத்துக்காரர் கவலைப்பட வேண்டியது களைக்கொல்லியை விட, கதிர் பிடிக்கும்போது நீ கடைசியாக அடித்த பூச்சி மருந்தைத்தான். அது என்ன, எந்தத் தேதியில் என்று மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடு, லேபிளில் இடைவெளி எத்தனை நாள் போட்டிருக்கிறது என்றும் பார்.

அப்புறம் உன் அப்பா காலத்தில் மூட்டை மூட்டையாகத் தூவினாரே பி.எச்.சி. பூச்சி மருந்து பவுடர், அது ஏறுகிற சாதி, 1997இல் தடை செய்தார்கள். பரங்கிப்பேட்டை பக்கத்து நெல் வயல்களில் போட்டே ஆராய்ந்தார்கள். அனேகமாக எல்லாம் ஆவியாகிக் காற்றில் போயிருந்தது. வெப்ப நாடுகளில் போட்டது காற்றோடு போய் வட துருவக் கடல் வரை படிந்திருக்கிறது, அங்கே சீல் என்ற கடல்நாயைத் தின்கிறவர்கள் ஒருநாளும் நெல் வயலைப் பார்த்திருக்க மாட்டார்கள். உன் வயலில் எவ்வளவு மிச்சம் என்று ஊகித்துச் சண்டை போடுவதை விட, அந்த பவுடரை அடுக்கி வைத்திருந்த பழைய கொட்டகை மண்ணில் வாத்தையும் கோழியையும் கிளற விடாமல் பார்த்துக்கொள். மண்ணைக் கொத்தித் தின்பவற்றின் முட்டையில்தான் இது முதலில் தெரியும்.

மகளிடம் இதைப் படித்துக் காட்டு, எங்காவது தப்பு என்றால் எனக்கு நேராகவே எழுதச் சொல், உன் வழியாக வந்தால் பாதி காணாமல் போகும். முழங்காலுக்கு ஊசி போட்டாயா இல்லையா, அதைப் பற்றி மூச்சே விடவில்லையே நீ?

உன்
ஹாஸ்டல் அறைத்தோழன்