ஆகஸ்ட் மாதச் சிறுபாடங்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

6, 7, 8ஆம் வகுப்புகளுக்குக் காலை வழிபாடு முடிந்ததும் 15 நிமிடச் சிறுபாடம் நடக்கிறது. திங்கள் வரலாறு, புதன் அறிவியல், வெள்ளி புதிர். தேர்வும் மதிப்பெண்ணும் கிடையாது. பாதி வேலை வீட்டில்தான் முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த மாதம் முக்கியமானது நிழல். மதுரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது ஆண்டில் இரண்டே முறை: ஏப்ரல் 16ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 27ஐ ஒட்டி இன்னொன்று. ஏப்ரலில் பிள்ளைகளுக்குத் தேர்வு நெருக்கடி. அதனால் ஆகஸ்ட்டை விடக் கூடாது. ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 3 வரை தினமும் அளப்போம்; விடுமுறை நாட்களில் வீட்டில் அளக்க வேண்டும்.

நேரான 100 செ.மீ. குச்சி ஒன்று, மணல் நிரப்பிய வாளி ஒன்று, நூலில் நட்டு கட்டிய தூக்குக்குண்டு ஒன்று போதும். குச்சியை வாளியில் நட்டு, இரண்டு பக்கம் நின்று தூக்குக்குண்டோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே கணக்கு ஏறக்குறைய 2 செ.மீ. தப்பும். நிழலை மணல் மட்டத்திலேயே அளக்க வேண்டும், அதனால் வாளியை விளிம்பு வரை நிரப்பி, மேலே ஓர் அட்டையைப் பரப்பிக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் வைப்பவர்கள் கவனிக்க: மழைநீர் வடிவதற்காகக் கொத்தனார் தளத்தை வாட்டமாகத்தான் போட்டிருப்பார். ரசமட்டம் இருந்தால் அட்டையின் மேல் வைத்துச் சரிபாருங்கள்.

பிள்ளைகள் அதிகம் தவறுவது நேரத்தில். உச்சிப்பொழுது என்றால் 12 மணி என்று நினைத்துவிடுகிறார்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கக்கோட்டுக்கு ஓடுகிறது, மதுரையோ 78.1 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால் சுமார் 17½ நிமிடம் பிந்தும். ஆகஸ்ட் கடைசியில் இன்னும் ஒன்றரை நிமிடம் கூடி, உச்சி 12:19க்கு வரும். 27ஆம் தேதி 12 மணிக்கே அளந்தால் மேற்குப் பக்கம் 8 செ.மீ. நிழல் கிடக்கும், பிள்ளை ஏமாந்துபோகும். 12:10 முதல் 12:30 வரை நிழல் நுனியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 20ஆம் தேதி உச்சியில் நிழல் தெற்கே சுமார் 4 செ.மீ. இருக்கும், செப்டம்பர் 3இல் ஏறக்குறைய அதே நீளம் வடக்கே விழும். நுனி நிழல் மங்கலாகத்தான் தெரியும், சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டம் என்பதால். மங்கலின் நடுவில் புள்ளி வையுங்கள்.

நிழல் இல்லாத நாளைக் காட்ட டம்ளரைக் கவிழ்த்து வைக்காதீர்கள். அதன் வாய் அகலம். சூரியன் சற்று விலகியிருந்தாலும் நிழலை அதுவே மறைத்துவிடும். பிவிசி குழாய்த் துண்டை நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சம் உள்ளே நேராக இறங்கி அடியில் முழு வட்டமாக விழ வேண்டும். குழாய் வழியாகச் சூரியனைப் பார்க்கப் பிள்ளையை ஒருபோதும் விடாதீர்கள்.

வரலாற்றுப் பாடம் தமிழி எழுத்து, அதாவது தமிழ்-பிராமி என்னும் பழந்தமிழ் எழுத்து. மதுரை அருகே மாங்குளம் மலையில் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் 1882இல் கண்ட கல்வெட்டுகளில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்று சாதாரண மனிதரின் பெயர். அதுபோல ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை ஓட்டில் கீறப்போகிறது. உடைந்த மண்சட்டியில் உள்ளங்கை அளவு ஓடு ஒன்று கொடுத்தனுப்புங்கள். விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள், கையைக் கிழிக்கும். தமிழியில் ‘க’ கூட்டல் குறி போல இருக்கும், ‘ர’ நேர்க்கோடு. மலைக்குக் கூட்டிப்போனால் கல்வெட்டின் மேல் சுண்ணாம்புக்கட்டி தேய்த்துப் படிக்க வேண்டாம். காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெயிலிலேயே எழுத்து தெரியும்.

வெள்ளிக்கிழமைப் புதிர்: 8 படிப் பாத்திரம் நிறையத் தண்ணீர், 5 படியும் 3 படியும் காலி. வேறு அளவு இல்லாமல் நாலு நாலாகப் பிரிக்க வேண்டும். முதலில் 5 படியை நிரப்பினால் 7 முறை ஊற்றினால் முடியும்; 3 படியை நிரப்பித் தொடங்கினால் 8 முறை. கண் மதிப்பில் பாதி ஊற்றுவது கூடாது. ஒன்று நிறைய வேண்டும் அல்லது ஒன்று காலியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று எண்களை நோட்டில் எழுதட்டும். கூட்டினால் 8 வராத வரியில்தான் பிழை. விடையை இங்கே எழுதவில்லை, கடிதம் பிள்ளைகள் கையில்தானே வருகிறது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

27ஆம் தேதி மேகமாக இருந்தால் முந்தைய, அடுத்த நாட்களும் உதவும். நிழல் 1 செ.மீ.க்குள்தான் இருக்கும். முடிந்தவர்கள் அன்று 12 மணிக்கே மைதானத்துக்கு வாருங்கள், குடையோடு.

அன்புடன்,
தலைமையாசிரியர்