ரப்பர் மறுநடவில் வரப்போர மரங்களை விட்டுவைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், நட்டு இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் கழிந்து பால் ஓய்ந்த ரப்பர் மரங்களை முறித்து மறுநடவு செய்யும்போது, வரப்போரம் நிற்கும் அயனி (காட்டுப்பலா வகை மரம்), பலா, புளி, நாவல் மரங்களையும் சேர்த்தே வியாபாரியிடம் விலை பேசி விற்றுவிடுகிறார்கள். ரப்பரை முறிப்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. அதனுடன் போய்விடும் மற்ற மரங்களைப் பற்றியே, சிறிய ரப்பர் விளையும் (தோட்டமும்) சில தேன் பெட்டிகளும் வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டம் பகுதித் தேனில் பெரும்பங்கு ரப்பர் தருவது. அது பூவிலிருந்து வருவதன்று. இலையுதிர்ந்து தளிர்க்கும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளில் ஊறும் மதுவையே தேனீக்கள் எடுக்கின்றன. இலை முற்றியதும் அது வற்றிவிடும். புழுக்களை வளர்க்கத் தேவையான மகரந்தத்தையும் தளிர் தராது. தேன் பருவம் முடிந்து தென்மேற்குப் பருவமழை ஓயும்வரை தேனீக் கூட்டத்தைத் தாங்குபவை தென்னையும் புளியும் வரப்போரத்து மற்ற மரங்களுமே. அவை இல்லாத இடங்களில் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்ற முயல்கிறோம்; பாகு மகரந்தத்துக்கு ஈடாகாததால் கூட்டம் மெலிந்து, சில வேளை பெட்டியை விட்டே ஓடிவிடுகிறது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. மையம் மார்த்தாண்டத்தில் கற்றுக்கொடுத்து, 1990களில் தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய் சாக்புரூட்’ (Thai sacbrood) என்ற வைரஸ் நோயால் பெட்டிகள் பெருமளவில் காலியான பிறகும் எழுந்து நின்ற இந்தத் தொழில், பூமரம் இல்லாமல் நலிவது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. இதே தேனீக்கள்தாம் நம் விளைகளில் பாகலும் பூசணியும் காய்பிடிக்கச் செய்கின்றன.

முதுமரப் பொந்துகளில் குடியிருக்கும் கூகை, ஏலாக்களில் (வயல்வெளிகளில்) நெல்லைக் கடிக்கும் எலியைப் பிடிக்கிறது. அயனிப்பழம் தின்னும் வௌவாலும் மரநாயும் அதன் விதையைப் பரப்புகின்றன.

மரத்தின் விலையையும் கணக்கிட வேண்டும். ரப்பர் தடியைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் தாக்குவதால், வெட்டிய சில நாட்களிலேயே அறுத்து மருந்திட வேண்டும். அயனி அப்படியன்று, கதவு, நிலை, வள்ளம் (படகு) என்று தலைமுறை தாண்டி நிற்கும் தடி அது. அதை இளமையிலேயே வெட்டி விற்பவர், வைரம் ஏறிய பிறகு கிடைக்கக்கூடிய விலையை இழக்கிறார். நிழல் விழும் வரிசையில் ரப்பர் பால் குறையும் என்பது உண்மையே. ஆண்டுதோறும் மழைக்கு முன் தாழ்ந்த கிளைகளைக் கழித்தால் நிழல் குறையும், தழை உரமாகும். தூரில் நல்லமிளகுக் கொடியும் ஏற்றலாம். ஒக்கி புயலுக்குப் பின் பெரிய மரங்களைக் கண்டு அஞ்சுவோர் வீட்டருகே நிற்பவற்றை மட்டும் அகற்றலாம்.

எனவே, மறுநடவுக்கு உதவும் ரப்பர் வாரியமும் தோட்டக்கலைத் துறையும், வரப்போர மரங்களை விட்டுவைக்கும் விவசாயிகளுக்குச் சிறிதளவேனும் ஊக்கத்தொகை வழங்கவும், முறித்த மரங்களுக்கு ஈடாக அயனி, நாவல் நாற்றுகளைப் பருவமழைக்கு முன்பே கிடைக்கச் செய்யவும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தேனீ வளர்க்கும் வாசகர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.