ஏ.கே. செட்டியாரை மறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆவணப்படம் என்றாலே வெளிநாட்டுப் பெயர்களைத்தான் அடுக்குகிறோம். கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ.கே. செட்டியாரை நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர் அவர். 1937-ல் அட்லாண்டிக் கடலில் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் வந்தது. அப்போது வயது 25. நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். ஏறக்குறைய 50,000 அடி! அதிலிருந்து தொகுத்த படம் 1940-ல், வெள்ளையர் ஆட்சி நடக்கும்போதே திரைக்கு வந்தது. எவ்வளவு துணிச்சல்! பிற்பாடு ‘குமரி மலர்’ இதழையும் நடத்தினார்.

திரைப்படக் கல்லூரிகள் அவர் உழைப்பைப் பாடமாக வைக்க வேண்டும். அந்தக் காந்தி படத்தின் எஞ்சியுள்ள பிரதிகளை எல்லோரும் பார்க்க அரசு வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி