மெஸ்ஸில் சாப்பிட முடியாத என் அக்கா மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தாயே, உன் பையைத் தூக்கி உள்ளே வைத்தவள் நான்தான். துணியைவிட டப்பாக்கள்தான் கனம். சப்பாத்தி, புளிசாதம், இரண்டு பாக்கெட் பிஸ்கெட், ஒரு சீப்பு பூவன் பழம். கேட்டதற்கு, "மெஸ் சாப்பாடு பிடிக்கல சித்தி" என்றாய். எல்லாரும் தூங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்துதான் நிஜத்தைச் சொன்னாய். பிடிக்காமல் இல்லை. நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் தொண்டை அடைக்கிறது, வாந்தி வந்துவிடுமோ என்று கை நடுங்குகிறது, எழுந்து ஓடி வந்துவிடுகிறேன் என்று.

அன்றைக்கு என்னால் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் போடுகிறேன். உன் பெயரும் காலேஜ் பெயரும் வராது. தமிழ்நாட்டு எல்லை தாண்டி இந்தப் பக்கம் படிக்கவும் வேலைக்கும் வருகிற நம் பிள்ளைகளில் இன்னும் யாராவது இப்படி டப்பாவோடு தவித்துக்கொண்டிருந்தால் அவர்கள் கண்ணிலும் படட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2006-ல் எனக்கு 22 வயது. பாலக்காடு பக்கத்துச் சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் இடமும் வலமும் ஆட்கள், முன்னால் மேசை, முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்தேன். இங்கேயே வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். காது அடைத்தது. வாயில் இருந்த சோறு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுந்தால் பந்தியே திரும்பிப் பார்க்கும். பாயசம் வரும்வரை இலையில் சோற்றைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாந்தி வரவே இல்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருஷம் வெளியில் ஒரு வாய் சாப்பிடவில்லை. பாலக்காட்டில் வேலை. காலையில் காப்பி குடித்துவிட்டுப் போனால் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துதான் சோறு. "வயிறு சரியில்லை" என்று சொல்லிச் சொல்லி எல்லாரும் நம்பிவிட்டார்கள். கேஸ் மாத்திரை, எண்டாஸ்கோபி எல்லாம் ஆனது. வயிற்றில் ஒன்றும் இல்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கவுன்சிலர் அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "வீட்டில் அதே சோறு இறங்குகிறதா?" இறங்குகிறது என்றேன். "அப்படியானால் சோற்றைப் பார்த்துப் பயம் இல்லையே. எழுந்து போக முடியாத இடத்தைப் பார்த்துத்தான் பயம்" என்றார். அழுதுவிட்டேன். இரண்டு வருஷத்தில் அதுவரை யாரும் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை.

உன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. ரத்தம் கை கால் பக்கம் போகிறது. உமிழ்நீர் வற்றுகிறது, இரைப்பை வேலையை மெதுவாக்குகிறது, தொண்டைத் தசை இறுகுகிறது. குடலுக்கென்றே 10 கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. அதனால்தான் மனசில் நினைத்தது வயிற்றில் புரள்கிறது. நீ நடிக்கவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. குமட்டல் நிஜம். ஆனால் அது கெட்டுப்போன சாப்பாட்டால் வருகிற குமட்டல் இல்லை. இந்த மாதிரிப் பதற்றம் சட்டென்று ஏறி, பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். நாம் இறங்குகிறவரை உட்கார்ந்திருப்பதில்லை, அதுதான் சிக்கல். உச்சியில் இருக்கும்போது எழுந்து ரூமுக்கு ஓடிவிடுகிறோம். ஓடியதும் நிம்மதி. ஓடியதால்தான் தப்பித்தேன் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது.

அந்த அம்மா எனக்குக் கொடுத்த முதல் வேலை சாப்பிடுவது இல்லை. பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத டீ வாங்கி, இரண்டு மடக்கு குடித்து, கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பயம் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் கோணல் கையெழுத்தில் இருப்பது இதுதான்: 1.10க்கு 8. 1.20க்கு 8. 1.30க்கு 5. 1.45க்கு 2. சாயா ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார், மூன்றாவது தடவை பார்க்கவில்லை. ஒரு வாரம் அதே கடை, அதே சாயா. 8 என்பது 4 ஆன பிறகுதான் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. அதிலும் முதல் நாள் பாதி. ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட நாலு மாதம் ஆனது. நடுவில் ஒரு நாள் திரும்பவும் 9 வந்தது, காசை வைத்துவிட்டு ஓடிவந்தேன். மறுநாள் சாயாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

நீயும் மெஸ்ஸில் தட்டு நிறைய வாங்காதே. இங்கே பரிமாறுகிறவர்கள் "மதியோ?", போதுமா என்று கேட்பார்கள். "கொறச்சு மதி", கொஞ்சம் போதும் என்று சொல், நிறுத்திவிடுவார்கள். போதும் என்று சொல்ல ஒரு சொல் கையில் இருந்தது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? இங்கத்து மட்டை அரிசி தடிமனாக இருக்கும், வாய் வறண்டிருந்தால் லேசில் இறங்காது. அதனால் மோர்க்கறியோ ரசமோ விட்டுத் தளரப் பிசைந்துகொள். கஞ்சியும் பயறும் கிடைக்கிற நாளில் அதையே எடு. நீ பயந்த அந்த ரோஸ் நிறத் தண்ணீர் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர். தைரியமாகக் குடி. காலையில் வெறும் வயிற்றில் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போகாதே. நான் செய்த தப்பு அது. காப்பியின் படபடப்பும் காலி வயிற்றின் குமட்டலும் சேர்ந்துகொண்டால் பயத்துக்குத் தனியாக வேலையே இல்லை.

2022 மே மாதம் காசர்கோடு பக்கம் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்த செய்தியை நீ இன்னும் போனில் வைத்திருக்கிறாய். அதைக் காட்டி, "பயப்படறதுல தப்பு என்ன சித்தி?" என்றாய். தப்பில்லை. அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கும் மனசு தாங்காது. அதற்குப் பிறகு, 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைக் கேரள அரசு தடை செய்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ஒரு வருஷத்துக்குத் தடை போட்டது. ஆகவே கவனமாக இரு. கண்ணெதிரே சுடச்சுட வருவதைச் சாப்பிடு, ஆறிப்போன இறைச்சியையும் மயோனைஸையும் விட்டுவிடு. ஆனால் ஒரு முறை பார்த்து முடிவு செய்தால் அதோடு விட வேண்டும். நீ இட்லியைப் பிட்டு முகர்ந்து பார்த்து, அப்புறம் மறுபடி முகர்ந்து, பக்கத்துப் பெண்ணிடம் வாடை வருகிறதா என்று கேட்டு, கடைசியில் வைத்துவிட்டு எழுந்தேன் என்றாயே, அங்கே கவனம் எப்போதோ முடிந்துவிட்டது.

டப்பாவை நாளைக்கே நிறுத்து என்று சொல்ல மாட்டேன். உங்கம்மாவிடமும் பேசிவிட்டேன். இனிமேல் பாதி டப்பா. மெஸ்ஸுக்கு அதையும் எடுத்துக்கொண்டு போய், அங்கேயே உட்கார்ந்து திற. பக்கத்தில் ஒரு கரண்டி மெஸ் சோறு. வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் இப்போதைக்கு உட்காரலாம், பையில் பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பழகிய பிறகு முதலில் கவரை ரூமில் விட்டுவிட்டுப் போ. அப்புறம் நாற்காலியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம். ரூம்மேட்டில் ஒருத்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிடு. "சாப்பிடு சாப்பிடு" என்று சொல்லாதே, பேசாமல் பக்கத்தில் உட்கார் என்று சொல். உங்கம்மாவுக்கும் இதையேதான் சொன்னேன். தினமும் போனில் "என்ன சாப்பிட்ட?" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு வருத்தம்தான், ஆனால் ஒத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் என்னிடம் மறைக்காதே. எடை குறைந்துகொண்டே வந்தால், விழுங்கும்போது வலித்தால், நிஜமாகவே அடிக்கடி வாந்தி எடுத்தால், நாள் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும். நானே கூட வருகிறேன். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசு. அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். எனக்கு அந்த வயதில் இப்படி ஓர் எண் இருந்திருந்தால் ஒரு வருஷமாவது மிச்சமாகியிருக்கும்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்டேடியம் ஸ்டாண்டில் நிற்கிறேன். எலப்புள்ளிப் பக்கம் ராமசேரிக்குப் போவோம். விறகடுப்பில் மண்பானை வைத்து, வாயில் வலை கட்டித் துணி விரித்து இட்லி ஊற்றுவார்கள். தட்டையாக, குட்டி தோசை மாதிரி இருக்கும். நெசவுக்காகக் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் செய்கிற இட்லி என்று சொல்வார்கள். துணியை உரிக்கும்போது ஆவி மேலே வரும், அதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உனக்கு ஒன்று சொல்வோம். முழுதாகச் சாப்பிட வேண்டாம், பாதியை என் தட்டில் வைத்துவிடு. பயம் வந்தால் எழுந்து போகாமல் என் கையைப் பிடித்துக்கொள், இறங்கும்வரை உட்கார்ந்திருப்போம். எனக்கு அன்றைக்கு வேறு வேலை கிடையாது. நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சித்தி