பெல்ட் வாங்கப் போகுமுன் நூல் பிடித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக (மழைக்கால நெற்செய்கை) உழவு தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கராஜ்களில் லான்ட்மாஸ்டர்கள், அதாவது இரண்டு சில்லு உழவு மெஷின்கள், வரிசையாக நிற்கும். பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: எஞ்சினிலிருந்து கிளச்சுக்கு ஓடும் பெல்ட் தாக்குப்பிடிக்குதில்லை, கிளச் இழுக்குதில்லை. நான் முரசுமோட்டையில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். கணவர் காலமான பிறகு மெஷினை நானேதான் ஓட்டுகிறேன். அயலிலும் கூலிக்கு உழுது கொடுப்பேன். போன சிறுபோகத்தில் நான் பட்ட பாட்டை இந்தப் போகத்தில் வேறு யாரும் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று கிழமைக்குள் இரண்டு செட் பெல்ட் போட்டேன். இரண்டாவது செட் ஐந்தாம் நாளே ஓரம் உரிந்து நூல் நூலாகத் தொங்கியது. கராஜில் காட்டினேன். “அக்கா, கிளச் பிளேட் முடிஞ்சுது, கழற்றத்தான் வேணும்” என்றார்கள். கழற்றினார்கள், பிளேட் மாற்றினார்கள், மூன்றாவது செட்டையும் போட்டார்கள். நாலு மூடை நெல்லின் காசு போய்விட்டது. வயலில் இறக்கி ஒரு துண்டு உழுது முடிக்கவில்லை, அதே தீய்ந்த நாற்றம்!

பக்கத்து வளவு மாமா ஒரு மேசன். மெஷினைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. வரம்பில் நின்று பார்த்தவர், “பிள்ளை, கறுப்புத் தூள் ஏன் ஒரு பக்கமாகவே கொட்டியிருக்கு?” என்று கேட்டார். மதில் கட்டப் பிடிக்கிற நூலை எடுத்துவந்து, எஞ்சின் புல்லியின் (பெல்ட் ஓடும் உருளையின்) முகத்திலிருந்து கிளச் புல்லியின் முகத்துக்கு இழுத்துப் பிடித்தார். நூல் இரண்டு புல்லியிலும் இரண்டு ஓரங்களையும் தொட வேண்டும். எங்களுடையதில் கிளச் புல்லியின் ஒரு ஓரத்துக்கும் நூலுக்கும் இடையில் ஒரு விரல் போகும். எஞ்சினைச் சட்டத்தில் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் ஒன்று தளர்ந்து, எஞ்சின் கோணி நின்றிருக்கிறது. நேராக்கி முறுக்க அரை மணித்தியாலம் போதும். அந்த மூன்றாவது செட்தான் மிச்சச் சிறுபோகம் முழுக்க ஓடியது, இன்னும் ஓடுகிறது.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினேன். முதலில் தெரிய வேண்டியது, வழுக்குவது பெல்ட்டா கிளச்சா என்பது. இரண்டு புல்லியிலும் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். சில்லை வரம்பில் முட்டவைத்து, கியரைப் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் புல்லி சுற்ற கிளச் புல்லி நின்றுவிட்டால், வழுக்குவது பெல்ட். இரண்டு புல்லியும் சேர்ந்து சுற்றியும் சில்லு அசையவில்லை என்றால் கிளச். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் இரண்டும் நல்லாகத்தான் பிடிக்கின்றன. இதைச் செய்யும்போது சேலைத் தலைப்போ துவாயோ தொங்கவே கூடாது, பெல்ட்டிலிருந்து தள்ளித்தான் நிற்க வேண்டும்.

பெல்ட் என்றால் இறுக்கத்தைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு அங்குலம் இறங்கலாம். கூட இறங்கினால் எஞ்சினை முன்னுக்குத் தள்ளி இறுக்க வேண்டும். கம்பி மாதிரி இறுக்கினாலும் கூடாது, பேரிங் போய்விடும். இன்னொன்று, இந்தப் பெல்ட் பிடிப்பது பக்கச் சுவர்களால். அடி வயிறு புல்லிப் பள்ளத்தின் தரையில் முட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பள்ளத்தின் தரை வெள்ளி போலப் பளபளத்தால் பெல்ட் தேய்ந்துவிட்டது, அல்லது புல்லி தேய்ந்துவிட்டது.

கிளச் என்றால், பிளேட்டுக்குக் காசு கொடுக்குமுன் கியர்ப்பெட்டி ஒயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒயில் பட்ட பிளேட் புதிதானாலும் வழுக்கும். கிளச் லீவரில் கொஞ்சமாவது சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கிளச் எப்போதும் பாதி பிடித்தபடியே தேயும். எங்கள் பெடியள் வரம்பு ஏறும்போது கிளச்சைப் பாதி பிடித்துக்கொண்டு உறுமவிடுவார்கள். பிளேட்டைக் கரியாக்க அதைவிடக் குறுக்குவழி கிடையாது. மாறாக, கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம் வந்தால் கிளச் முழுதாக விடுபடவில்லை, அதற்கு லீவரைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பெல்ட்டில் தார் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் பிடிக்கும், மறுநாள் மண்ணும் தாரும் சேர்ந்து பெல்ட்டைத் தின்றுவிடும். கீச்சென்று கத்துகிறதே என்று ஒருவர் ஒயில் ஊற்றியதையும் கண்டேன். அவரைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல! போர்க்காலத்தில் பாதை பூட்டியிருந்தபோது பாட்ஸ் (உதிரிப்பாகங்கள்) இல்லாமல் இப்படி ஏதாவது செய்துதான் ஓட்டினோம், அது வேறு. 2009 இல் ஏ-9 பாதை மீண்டும் திறந்த பிறகும் அதே வைத்தியம் எதற்கு?

பாட்ஸ் கடைக்காரரிடமும் ஒரு வேண்டுகோள். அறுந்தது ஒன்றுதான் என்று வருபவருக்கு ஒன்றை மட்டும் விற்காதீர்கள். பழையவை நீண்டிருக்கும், புதியது தனியே பாரம் இழுத்து முதலில் அறும். முழுச் செட்டாக, ஒரே இலக்கத்தில் கொடுங்கள். பெல்ட்டின் முதுகில் ‘பி’ என்ற எழுத்தும் நீள இலக்கமும் இருக்கும், வாங்குகிறவர்கள் அதை எழுதிக்கொண்டு போகலாம்.

விவசாயப் போதனாசிரியர்கள் போகத்துக்கு முன் வைக்கும் கூட்டங்களில் விதையும் பசளையும்தான் பேசப்படுகின்றன. ஒரு மெஷினை நடுவில் நிறுத்தி இவற்றைக் காட்ட ஒரு மணித்தியாலம் போதும். பின்னேரம் வைத்தால் நாங்கள் பெண்களும் வரலாம். காலையில் சமையலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

இப்படிக்கு,
வயல் செய்யும் ஒரு பெண்,
முரசுமோட்டை, கிளிநொச்சி.