கயலின் வேக டிக்கெட்: சங்கரனுக்கு ஒரு கடிதம்

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா
9 நவம்பர் 2025

அன்புள்ள சங்கரா,

நீயும் மதினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது அவர்களே செய்தித்தாள் வாசிக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தது மனத்துக்கு இதமாக இருந்தது. நான் செப்டம்பரில் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால் உன் கடிதத்துக்கு ஆற அமர உட்கார்ந்து பதில் எழுத முடிகிறது.

வேகமாக வண்டி ஓட்டியதற்காக உன் மகள் கயலுக்குப் போலீஸ் அதிகாரி கொடுத்த டிக்கெட்டில், அதாவது அபராதச் சீட்டில், "கோர்ட்" என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து உறக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். பாளையங்கோட்டையில், மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்ட வீட்டில் வளர்ந்தவன் நீ. உன் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவளை ஒரு சொல்லும் கடிந்து பேசாதே என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இங்கே வேகமாகச் சென்றதற்காகத் தரப்படும் டிக்கெட் சிறு விதிமீறல் என்ற வகையைச் சேர்ந்தது. அதற்கு அபராதம் மட்டுமே உண்டு, சிறைத் தண்டனை சட்டப்படியே கிடையாது. விசாவைப் பற்றிய ஐயத்தை அவள் தன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறட்டும். இதைப் போலீஸ் கேஸ் என்று நீ ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாளே, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்று கேட்டிருந்தாய். ஆகாது. குறிப்பிட்ட நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழிக்காக மட்டுமே அந்தக் கையெழுத்து. போட மறுத்திருந்தால்தான் அதிகாரி அவளைக் கைது செய்ய நேர்ந்திருக்கும். அவள் காரை விட்டு இறங்காமல், கைகளை ஸ்டியரிங் மீது வைத்தபடி அமைதியாக இருந்தாள் என்பதையும் உன் கடிதத்தில் படித்தேன். மிகச் சரியாக நடந்துகொண்டிருக்கிறாள். நம் ஊரில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய் சார்ஜென்டிடம் பணிவாகப் பேசுவது மரியாதை. இங்கே இறங்கி நடந்தால் அதிகாரிக்கு அச்சம் வந்துவிடும். இங்கு வந்த முதல் ஆண்டில் நான் அப்படி இறங்கியபோது ஒலிபெருக்கியில் என்னை அதட்டித் திரும்ப உட்கார வைத்தார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டிய வேகம் என்ற கட்டத்தில் 47, வரம்பு என்ற கட்டத்தில் 35 (இரண்டும் மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கு), ரேடார் என்பதற்கு எதிரே ஒரு குறி, சட்டப் பிரிவு 22350. அந்தப் பிரிவு எண்தான் இதில் முக்கியம். நெடுஞ்சாலையில் 65 மைல் வரம்பை மீறியிருந்தால் பிரிவு 22349 என்று இருக்கும். அது மாறாத வரம்பு என்பதால் வாதாடுவதற்கு இடம் குறைவு. 22350 என்பதோ அடிப்படை வேக விதி. வானிலை, பார்வைத் தெளிவு, நெரிசல், சாலையின் அகலம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் நியாயமான வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். பலகையில் எழுதியிருக்கும் 35 என்பது, மீறினால் தவறு என்று முதல் பார்வையில் கொள்ளப்படும் வேகமே தவிர, முடிந்த முடிவு அன்று. அந்தச் சூழலில் தன் வேகம் பாதுகாப்பானது என்று ஓட்டியவர் சான்று காட்டி நிறுவலாம்.

இதனோடு சேர்ந்த இன்னொரு விதியை நான் என் சொந்த அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். 2016இல், இங்கே பக்கத்து நகரம் ஒன்றில், 35 மைல் வரம்புள்ள அகலமான சாலையில் 46 மைல் வேகத்தில் சென்றதாக எனக்கும் இதே பிரிவில் டிக்கெட் கிடைத்தது. என் கண்ணில் பட்ட வேகம் 40தான், ஆனால் அதை நிறுவ என்னிடம் எதுவும் இல்லை. உடன் பணியாற்றிய ஒருவர், அந்தச் சாலையின் போக்குவரத்து ஆய்வைக் கேட்டு வாங்கிப் பார் என்றார். ரேடாரால் வேகத்தை அளந்து இந்த வகை வரம்பைச் செயல்படுத்த வேண்டுமானால், பொறியாளர்கள் அந்தச் சாலையில் ஆய்வு நடத்தி, அதற்கேற்ப வரம்பு வைத்திருக்க வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். ஆய்வு ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதிகாரியின் ரேடார் பயிற்சி, கருவியின் பரிசோதனை போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால் ஏழாண்டு. சாலையில் பெரிய மாற்றம் இல்லை என்று பொறியாளரும் சான்று தந்தால் அன்றைய சட்டப்படி பத்தாண்டு. இப்போது அந்தக் கடைசிக் காலம் பதினான்கு ஆண்டாக நீட்டப்பட்டிருக்கிறது. காலாவதியான ஆய்வை வைத்துக்கொண்டு ரேடாரால் பிடித்தால் சட்டம் அதை "வேகப் பொறி", அதாவது ஓட்டுநரைச் சிக்கவைக்கும் கண்ணி, என்று அழைக்கிறது. அப்படிக் கிடைத்த சான்றை நீதிமன்றம் ஏற்கக் கூடாது. பள்ளிப் பகுதிகளுக்கும் குறுகிய உள்தெருக்களுக்கும் இந்த ஆய்வு விதி பொருந்தாது, அது சரிதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்தின் முகப்பில் இருந்த பெண்மணி ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த ஆய்வின் நகலை எடுத்துத் தந்தார். ஒற்றைத் தாள். இடப்பக்கம் வேகங்கள் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்க, ஒவ்வொரு வேகத்துக்கும் எதிரே, அந்த வேகத்தில் சென்ற வண்டி ஒன்றுக்கு ஒரு பெருக்கல் குறியாகப் பென்சிலால் வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடந்த வண்டிகளில் நூற்றுக்கு 85 எந்த வேகத்துக்கு உட்பட்டுச் சென்றனவோ அங்கே ஒரு கோடு. வரம்பு அந்தக் கோட்டை ஒட்டி அமைய வேண்டும் என்பது முறை. தாளின் மேல் மூலையில் இருந்த தேதியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. ஆய்வு நடந்த ஆண்டு 2003.

நான் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. எழுத்துமூல வாக்குமூலத்தின் வழி விசாரணை என்று ஒரு முறை இங்கே இருக்கிறது. டிஆர்-205 என்ற படிவத்தில் நம் பக்கத்து நியாயத்தை எழுதி, சான்றுகளை இணைத்து, அபராதத் தொகை முழுவதையும் பிணைத்தொகையாகச் செலுத்தி அனுப்ப வேண்டும். அதிகாரியும் தம் தரப்பை எழுதி அனுப்புவார், நீதிபதி இரண்டையும் படித்துத் தீர்ப்புச் சொல்வார். நான் ஒரே பக்கத்தில் எழுதினேன். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பும் அதைத் தொடர்ந்து செலுத்திய பணத்துக்கான காசோலையும் வந்தன. தீர்ப்பு எதிராக வந்திருந்தால் இருபது நாட்களுக்குள் புதிய விசாரணை கேட்டு நேரில் போயிருக்கலாம், ஆகவே இந்த வழியில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்றை மட்டும் கயலிடம் அழுத்திச் சொல். அந்தப் படிவத்தில் எழுதுவது உறுதிமொழியின் பேரில் சொல்வது. அதில் ஒரு பொய் கலந்தாலும் அது பொய்ச்சாட்சிக் குற்றம், டிக்கெட்டைவிடப் பல மடங்கு பெரிய சங்கடம்.

நேரில் விசாரணைக்குப் போவதென்றால், ஜூரி இல்லை, நமக்காக வாதாட அரசு செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தரவும் மாட்டார்கள். ஆனாலும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசின் பக்கம்தான். டிக்கெட் கொடுத்த அதிகாரி வராவிட்டால் வழக்கு பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். பலர் இதை மட்டுமே நம்பித் தேதியை ஒத்திப்போட்டுக்கொண்டே போகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. சொல்வதற்கு நியாயம் இருப்பவர்தான் நீதிமன்றத்தின் நேரத்தைக் கேட்க வேண்டும்.

இப்படிச் சொல்வதற்கும் என் வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. 2019இல் ஒரு நாள் மாலை, ஸ்டாப் பலகை இருந்த முக்கில் வண்டியை முழுவதுமாக நிறுத்தாமல் மெல்ல உருட்டிக்கொண்டு திரும்பினேன், பின்னாலேயே விளக்குகள் சுழன்றன. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தபோது எதிர் நடைபாதையின் விளிம்பில் ஒரு சிறுவன், ஒரு கால் தரையிலும் ஒரு கால் தன் ஸ்கூட்டரிலுமாக, சாலையைக் கடக்கக் காத்துக்கொண்டு நின்றிருந்ததைப் பார்த்தேன். திரும்பும்போது அவனை நான் பார்க்கவே இல்லை. அந்த அபராதத்தை அன்று இரவே கட்டினேன்.

கயலுக்கு இருக்கும் இன்னொரு வழி டிராஃபிக் ஸ்கூல். அபராதம் முழுவதையும் அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் கட்டி, இணையவழிப் பாடத்தை முடித்தால், விதிமீறலுக்காக ஓட்டுநர் உரிமப் பதிவில் ஏறும் ஒரு தவறுப் புள்ளி காப்பீட்டு நிறுவனங்களின் கண்ணில் படாமல் மறைக்கப்படும். பதினெட்டு மாதத்துக்கு ஒரு முறைதான் இந்தச் சலுகை. வரம்புக்கு மேல் 12 மைல்தான் என்பதால் அவளுக்குத் தகுதி இருக்கும். முதலில் வழக்காடித் தோற்றால் அதன் பிறகு இந்தச் சலுகை தருவது நீதிபதியின் முடிவைப் பொறுத்தது, ஆகவே எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொகையைக் கண்டு நீ திகைப்பாய். இந்த மீறலுக்கு அடிப்படை அபராதம் 35 டாலர்தான். ஆனால் ஒவ்வொரு பத்து டாலருக்கும் மாநிலத்துக்கு இவ்வளவு, மாவட்டத்துக்கு இவ்வளவு, நீதிமன்றக் கட்டடத்துக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போய் 230 டாலரைத் தாண்டிவிடும். நாள் முழுவதும் வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஏழைகளின் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவது அநியாயம் என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். அபராதம் கட்ட முடியாததற்காக உரிமத்தை முடக்கும் கொடுமையை 2017இல் நிறுத்தினார்கள். இயலாதவர்கள் தொகையைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கவும் இப்போது வழி இருக்கிறது. மாணவியான கயலுக்கும் அது உதவக்கூடும்.

டிக்கெட்டே வாங்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டால், அவள் வாரந்தோறும் செல்லும் சாலைகளில் வரம்பு எங்கே மாறுகிறது என்று ஒரு முறை நிதானமாக ஓட்டிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வதே போதும். சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனால் கூடுதல் கவனம் வேண்டும். இந்த ஆண்டிலிருந்து அங்கே 33 இடங்களில் வேகக் கேமராக்கள் வந்துவிட்டன. அவற்றில் அபராதம் 50 டாலரில் தொடங்குகிறது, புள்ளி ஏறுவதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அன்று அந்தச் சாலை எப்படி இருந்தது, தான் எவ்வளவு வேகத்தில் சென்றாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். நீ பயந்து இன்றைக்கே பணத்தைக் கட்டச் சொல்லாதே. பதில் அளிக்கக் கெடு டிசம்பர் 18 வரை இருக்கிறது. நேற்று அவளோடு தொலைபேசியில் பேசினேன், முதல் ஐந்து நிமிடம் அழுதாள், பிறகு தெளிவாகவே பேசினாள். வரும் சனிக்கிழமை நானும் உன் தங்கையும் சான் ஹோசேக்குப் போய், அவளை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையை ஒரு முறை ஓட்டிப் பார்க்கப்போகிறோம். திங்கட்கிழமை நகராட்சிக்கு எழுதி ஆய்வின் நகலைக் கேட்கலாம். நீ டிக்கெட்டின் முன்பக்கத்தை மட்டுமே அனுப்பியிருக்கிறாய். எந்த நீதிமன்றம், எப்படிப் பதில் அளிப்பது என்ற விவரம் பின்பக்கத்தில் இருக்கும், அந்தப் படத்தையும் அனுப்பிவை.

அன்புடன்,
முத்துக்குமார்