உப்பு மேல் விரித்த பாய்: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நலம்தானே? தூத்துக்குடியில் இந்நேரம் கடற்காற்றும் கையில் ஒரு பொட்டலம் மக்ரூனுமாக உட்கார்ந்திருப்பீர்கள். நான் கொலராடோவில், டென்வரில் ஜன்னல் வழியே காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வருஷமும் பனி குறைவு. மலைக்குப் போகிற வழியில் சாலை ஓரமெல்லாம் மண் தெரிகிறது.

உங்கள் பெயரைப் போட்டால் திட்டுவீர்கள் என்று தெரியும். போடவில்லை. ஆனால் பொதுவில்தான் எழுதப் போகிறேன். நாலு பேர் பார்க்க உங்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன் தனியாகப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது.

போன வாரம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு தம்பிகள் வந்தார்கள். இரண்டு வருஷமாக ரிசார்ட்டில் ஸ்கீ மாட்டிப் பனியில் சறுக்கிப் பழகிவிட்டார்களாம். இனி மேலே ஏற்றிவிட லிஃப்ட் இல்லாத மலைக்கு, அதாவது பேக்கன்ட்ரிக்கு, என்னோடு வர வேண்டுமாம். பனிச்சரிவு பற்றி ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். ஒருவன் சிரித்தான். "பனியே இல்லையே அண்ணா, சரிவு எங்கேருந்து வரும்?"

2021 ஜனவரியில் உங்களிடம் நான் கேட்டதும் இதே கேள்விதான், கிட்டத்தட்ட இதே சிரிப்போடு. அன்றைக்கு நடந்ததை எழுதலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

அந்தக் குளிர்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா. ரிசார்ட்டுக்குப் போகவும் முன்பதிவு வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் ஸ்கின் (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீக்கு அடியில் ஒட்டும் பட்டை), பீக்கன் (பனிக்குள் புதைந்தவரைத் தேட உதவும் கருவி) என்று வாங்கிக்கொண்டு லிஃப்ட் இல்லாத மலைகளுக்குக் கிளம்பினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கு ஸ்கீ வாங்கி வைத்துவிட்டு, நவம்பர் முழுக்க, டிசம்பர் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதோ ஒரு முறை நான்கு அங்குலம் விழும். அப்புறம் இரண்டு வாரம் நீல வானம். ஜனவரி நடுவில் ஒருவழியாக அரை அடி விழுந்து, காற்றும் அடித்தது. சனிக்கிழமை காலை 7 மணிக்கு பெர்த்தூட் கணவாயின் கார் நிறுத்துமிடம் நிறைந்துவிட்டது. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த கதைதான்.

(அந்தக் கணவாயின் உயரம் 11,307 அடி. 1937இலிருந்து அங்கே ஒரு ஸ்கீ மைதானம் இருந்தது, 2001இல் மூடிவிட்டார்கள். லிஃப்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மலை மட்டும் மிச்சம். நீங்கள்தான் எனக்கு இதைச் சொன்னீர்கள். மூடிய கடையில் ஓசியில் சாப்பிடுகிற மாதிரி என்றீர்கள்.)

நாம் ஐந்து பேர், ஐந்து கார். வெப்பம் மைனஸ் 17. பீக்கன்களைச் சரிபார்த்துவிட்டு, ஸ்கீக்கு அடியில் ஸ்கின்னை ஒட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினோம். முதல் அரை மணி நேரத்திலேயே என் புது ஸ்கீயின் அடிப்பக்கத்தைக் கல் இரண்டு இடத்தில் கடித்துவிட்டது. பனி அவ்வளவு மெலிசு. புதருக்கு நடுவே வரப்பில் நடக்கிற மாதிரி பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம்.

மரங்கள் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சமதரையைக் கடக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. 'வும்ப்'. யாரோ பூமிக்கு அடியில் பெரிய தலையணையைத் தட்டியது போல. பனிக்கு அடியில் பலமில்லாத அடுக்கு ஒன்று அமுங்குகிற சத்தம் அது. கால் ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. பையை இறக்கி, மண்வாரியைப் பொருத்தினீர்கள்.

நாம் இறங்க நினைத்த சரிவு வடக்குப் பார்த்தது, சாய்வு 34 டிகிரி. அதற்குப் பக்கத்தில் அதே திசையைப் பார்த்த, ஆனால் விழுந்தால் எங்கும் போக வழியில்லாத ஒரு சின்ன மேட்டில் குழி தோண்டினீர்கள். மொத்தம் 70 சென்டிமீட்டர்தான், அதற்குக் கீழே புல். மேலே 30 சென்டிமீட்டர் நன்றாக இறுகிய பனி, பலகை போல. அதற்குக் கீழே இருந்தது பனியே இல்லை. மண்வாரி பட்டதும் பொலபொலவென்று கொட்டியது. ஒரு பிடி அள்ளி என் கையுறையில் போட்டீர்கள். மூலை மூலையாக, பட்டை பட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள். இங்கே அதைச் சர்க்கரைப் பனி என்பார்கள். நீங்கள் பார்த்துவிட்டு, "கல் உப்புலே" என்றீர்கள்.

அப்புறம் உங்கள் அப்பா வேலை பார்த்த உப்பளத்தைப் பற்றி ஆரம்பித்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. மைனஸ் 17இல் நின்றுகொண்டு யாருக்கு வேண்டும் உப்பளக் கதை? ஆனால் இன்றைக்குத் தம்பிகளுக்கு விளக்கிச் சொல்லும்போது என் வாயில் வந்தது அந்தக் கதைதான். மழைக்கு முன்னால் அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் கீற்று வேய்வார்கள். சின்ன வயதில் நீங்கள் அதன் மேல் ஏறியபோது, கீற்று கிழியவில்லை, உடையவில்லை. முழுசாக, நீங்கள் மேலே உட்கார்ந்திருக்க, அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. "கீத்து மேல ஒரு குத்தமும் இல்ல. கீழ உப்பு பிடிக்கல. அவ்வளவுதான்."

பனி குறைந்த வருஷத்தில் அந்த உப்பு எப்படி விளைகிறது என்பதையும் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும், குளிர்காலம் முழுக்க. மேலே காற்று மைனஸ் 17. நடுவில் 70 சென்டிமீட்டர் பனி. அப்படியென்றால் 10 சென்டிமீட்டருக்கு 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம். 1 டிகிரியைத் தாண்டினாலே பனிக்குள் இருக்கும் ஆவி வேகமாகக் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கும். ஏறும் வழியில் மணிகளின் பிணைப்பைக் கரைத்து, வேறு இடத்தில் போய்ப் படிந்து, மூலை வைத்த படிகமாக வளரும். இதே குளிரில் 2 மீட்டர் பனி கிடந்திருந்தால் 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிகூட வராது. மணிகள் உருண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டிப்பட்டிருக்கும். ஆக, பனி நிறைய விழாததால்தான் அடித்தளம் உப்பானது. கரையோரத்து வாஷிங்டன் மலைகளைவிடக் கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் கொலராடோவில் இந்தத் தொல்லை அதிகம். இங்கே மெலிந்த பனியும் கடுங்குளிரும் சேர்ந்தே வரும்.

அந்த உப்பு எந்தப் பனி தெரியுமா என்று கேட்டீர்கள். 2020 அக்டோபரில் இந்த மாநிலம் எரிந்துகொண்டிருந்தது. கேமரன் பீக் காட்டுத் தீ 2 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. கிராண்ட் லேக் பக்கம் ஈஸ்ட் டிரபிள்சம் தீ மலைத் தொடரையே தாண்டிக் குதித்தது. அக்டோபர் கடைசியில் ஒரு பனிப்புயல் வந்து அவற்றை அடக்கியது. அன்றைக்கு நாமெல்லாம் வாட்ஸ்அப்பில் கும்பிடு போட்ட பனி அது. வெயில் படாத வடக்குச் சரிவுகளில் அது உருகாமல் அப்படியே கிடந்து, இரண்டு மாத வறட்சியில் மெல்ல மெல்ல உப்பாக மாறி, இப்போது என் கையுறையில் இருந்தது. கும்பிட்ட சாமியே குழிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அடுத்தது தட்டிப் பார்க்கும் சோதனை. 90 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பனியைத் தூணாக அறுத்து, ஓரத்தில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை மடக்கிப் 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. நீங்கள் மணிக்கட்டுத் தட்டை முடித்தீர்கள். முழங்கையிலிருந்து முதல் தட்டு. மொத்தத் தூணும் ஒரே கோடாக அறுந்து என் முழங்காலில் வந்து விழுந்தது. எல்லாரும் பார்த்தோம். அன்றைய அபாய அறிக்கை ஐந்தில் மூன்று என்றது. அதையும் காலையிலேயே படித்திருந்தோம்.

"வேண்டாம். காட்டு வழியாவே இறங்குவோம்" என்றீர்கள்.

நான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் ஏறி வந்து, இத்தனை வாரம் காத்திருந்து, இதற்கா? நம்மோடு வந்த மதுரைக்காரனும் என் பக்கம்தான். ஒருத்தர் ஒருத்தராக இறங்கினால் என்ன என்றான். உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நான் முணுமுணுத்தேன். உங்கள் காதில் விழுந்திருக்கும்.

அப்போதுதான் அந்த மூன்று பேர் வந்தார்கள். வணக்கம் சொன்னார்கள், குழியை எட்டிப் பார்த்தார்கள், தோளைக் குலுக்கிவிட்டு நாம் விட்ட அதே சரிவில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கூவிக்கொண்டே. வெள்ளைச் சரிவில் மூன்று அழகான வளைவுக் கோடுகள். ஒன்றும் நடக்கவில்லை அண்ணாச்சி. ஒரு பிடி பனிகூட அசையவில்லை.

நான் திரும்பி உங்களைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கே கூசுகிறது.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. 25 டிகிரிக்கும் குறைந்த சரிவில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே இறங்கினோம். கீழே வந்து நீங்கள் கொண்டுவந்த பொடி இட்லியைப் பிரித்தோம். கல்லாக உறைந்திருந்தது. மதுரைக்காரன் ஒன்றை எடுத்து மரத்தில் எறிந்தான், 'டங்' என்றது. எல்லாரும் சிரித்தார்கள், என்னைத் தவிர. அப்படியே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து பிப்ரவரி 1ஆம் தேதி, தெற்கே சில்வர்டன் மலைகளில் 7 நண்பர்கள் போன கூட்டத்தில் 4 பேர் பனிச்சரிவில் சிக்கி, 3 பேர் இறந்தார்கள். என்னைப் போல அந்த வருஷம் ஸ்கீ வாங்கியவர்கள் இல்லை, அனுபவசாலிகள். பிப்ரவரி 6ஆம் தேதி யூட்டாவில் மில்க்ரீக் பள்ளத்தாக்கில் இரண்டு குழுக்களைச் சேர்ந்த 8 பேரை ஒரே பனிச்சரிவு வாரிக்கொண்டு போனது. 4 பேர் இறந்தார்கள். அங்கேயும் அதே கதை: வறண்ட தொடக்கம், அடியில் உப்பு, அதன் மேல் புதுப் பனி. அந்தக் குளிர்காலம் முடியும்போது கொலராடோவில் மட்டும் 12 பேர், நாடு முழுக்க 37 பேர். அத்தனையும் 'பனியே இல்லாத' ஒரு வருஷத்தில்.

செய்தியைப் படித்த ராத்திரி உங்களைக் கூப்பிட போனை எடுத்தேன். என்ன சொல்வது? நம் சரிவு கடைசி வரை விழவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று நிரூபிக்க ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டேன். விழாத சரிவு எதையும் சொல்லிக்கொடுக்காது என்பது புரிய எனக்கு இன்னும் இரண்டு வகுப்பும் நான்கு குளிர்காலமும் தேவைப்பட்டன. அந்த மூன்று கோடுகளுக்கு நடுவே, பாறையை ஒட்டிப் பனி இன்னும் மெலிந்த இடம் ஒன்று இருந்திருக்கலாம். அவர்கள் அதற்கு ஒரு முழம் தள்ளி வளைந்திருக்கலாம். நான்காவது ஆள் நான். என் திரும்பல் அப்போதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் போய் விழும், உங்களுக்குத் தெரியாததா.

சரி, தம்பிகள் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். சறுக்க இல்லை, குழி தோண்ட மட்டும். சொன்னதும் ஒருவன் முகம் சுருங்கியது. எங்கேயோ பார்த்த முகம். எனக்கு உப்பளம் கிடையாது, அதனால் உங்களுடையதைத்தான் சொல்லப் போகிறேன். உரிமை கேட்டு எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது நீங்கள் என்னிடம் விட்டுப்போன மண்வாரி காரிலேயே இருக்கிறது. பிடி கொஞ்சம் ஆடுகிறது, பொத்தான் சரியாக மாட்டுவதில்லை. நீங்கள் அதை எப்படி இறுக்குவீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள். வயதைப் பற்றி முணுமுணுத்ததற்கும் சேர்த்து நாலு வார்த்தை திட்டி எழுதினாலும் சரி.

அன்புடன்,
மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவன்